பாட்டுக்குக் கால் போட்டவள்

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் துணிகளை வார்டு வாரியாக அடுக்குவது என் வேலை. அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டுகளில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வண்டி வந்துவிடும், திட்டும் கூடவே வரும். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், எல்லாச் சீட்டையும் யாரோ விரல் உயரத்துக்குப் புதிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். யார் வேலை என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"நான்தான் சார். எனக்குக் கண்ணு சரியா தெரியல" என்றாள் என் அக்கா மகள்.

இருபத்தோரு வயதுக் கண். ஒரே தடவையில் ஊசியில் நூல் கோக்கிற கண். என்னிடம் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலைக்காக என் வீட்டில் தங்கியிருந்தாள். சலவைக் கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மெஷின் சத்தத்துக்கு மேலே பாடுவாள். நோயாளிகள் மறந்துவிட்ட புத்தகங்கள் துணி மூட்டையில் வரும். யாரும் தேடி வராததை எடுத்துப் படிப்பாள். அட்டை போனது, கடைசிப் பக்கம் இல்லாதது, எல்லாம்.

"முடிவு தெரியாம எப்படிடி தூக்கம் வருது?"

"நானே ஒரு முடிவு வச்சுக்குவேன் சித்தி. தினம் ஒண்ணு."

போனில் வார்த்தையே இல்லாத வயலின் கேட்பாள். இயர்போனின் ஒரு முனை அவள் காதில், ஒரு முனை என் காதில். "யாரோ பேசாம கும்பிடுற மாதிரி இல்ல?" என்பாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் முன்னால் நின்று பாடுவது அவள்தான். அவள் ஒரு வரி பாட, நாங்கள் அதையே திருப்பிப் பாடுவோம். பாட்டு நோட்டு என் கையெழுத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியது.

குழந்தைகள் வார்டில் நாலு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். துணி கொண்டுபோகும்போதெல்லாம் இவளைப் பாடச் சொல்லிக் கேட்பாள். அந்தக் குழந்தைக்காகப் பிரார்த்தனைக் கூடமே நாற்பது நாள் வேண்டிக்கொண்டது. ஒரு நாள் அந்தக் கட்டிலின் மெத்தை உறை, திரைச்சீலை எல்லாம் மூட்டையாக இறங்கியது. கட்டில் காலியானால்தான் அவை சலவைக்கு வரும். "பாத்தியா, குணமாகி வீட்டுக்குப் போயிட்டா!" என்று நான் கைகூப்பினேன். இவள் ஓடிப்போய் நர்ஸிடம் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்து என் கை தானாக இறங்கியது.

அன்றோடு பாட்டு நின்றது. "என்னடி ரேடியோ, பேட்டரி தீந்துபோச்சா?" என்று இஸ்திரி போடுகிற அக்கா சீண்டிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு, "என் குரலை நீ கேட்கிறாய்" என்ற வரி வந்தபோது, "கேட்கிறாயா" என்று பாடினாள். பழக்கத்தில் நாங்களும் அப்படியே திருப்பிப் பாடிவிட்டோம், நூறு பேரும். பாடி முடித்த பிறகுதான் உறைத்தது.

கூடத்துப் பெரியவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். 'ய்' மேலிருந்த புள்ளியைச் சுரண்டிவிட்டுப் பக்கத்தில் ஒரு கால் போட்டிருந்தது. "மூணாவது படிச்சவங்க எழுதினா இப்படித்தான்" என்று சிரித்தார். கூடமும் சிரித்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஆமாங்க ஐயா, என் தப்புதான்" என்றேன். கடவுள் முன்னால் பொய். அவள் பாட்டு போய்விடக் கூடாதே என்றுதான்.

"சித்தி சரியாத்தான் எழுதியிருந்தாங்க. கால் நான் போட்டது" என்றாள் அவள்.

பெரியவர் முகம் மாறியது. "சரிம்மா, அழிச்சிடு. அடுத்த வாரம் ஒழுங்கா பாடு."

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பாட வரலைங்க ஐயா."

"அப்போ பாடாத."

வழியெல்லாம் சண்டை போட்டேன். "நான்தான் பழியை ஏத்துக்கிட்டேனே. வாயை மூடிட்டு நின்னா குறைஞ்சா போயிடுவ?"

"உங்களைப் பாத்துச் சிரிச்சாங்களே சித்தி" என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து வேறொரு பெண் பாடினாள். இவள் கடைசி வரிசையில் உதட்டை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் வந்தாள், நாலாவது வாரம் வரவில்லை. பிறகு வேறு நகரத்தில் வேலை தேடிக்கொண்டாள்.

பேருந்து கிளம்பும்போது, "தினமும் உனக்காக வேண்டிக்குவேன்டி" என்றேன். ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டிக்கோங்க சித்தி. நான் திருந்தணும்னு மட்டும் வேண்டிக்காதீங்க."