முதலில் காய்ச்சல் வந்த வீடு

கொரோனா இரண்டாவது முறை பரவியபோது, நான் கல்முனையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டே சிறிய இணையச் செய்தித்தளம் ஒன்றுக்கும் எழுதிவந்தேன். எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவுக்கு, நோயைக் கொண்டுவந்தவர் யார் என்பதில் அங்கே எவருக்கும் சந்தேகமில்லை: கட்டாரில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி, பெண்களுக்கு அபாயா அங்கி தைத்துப் பிழைத்த, நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுபவர்தான். அவர் குணமாகிப் பல மாதங்கள் கழிந்த பின்னும் யாரும் அவரிடம் தைக்கத் துணி கொடுக்கவில்லை.

"நான்தான் கொண்டுவந்தெண்டா செல்லுங்க, ஏத்துக்கிறன்," என்றார் என்னிடம். "இல்லெண்டா அதையும் ஆராச்சும் செல்லணும்தானே, தங்கச்சி."

தெரிந்தவற்றை முதலில் வரிசைப்படுத்தினேன். தனிமைப்படுத்தல் முகாமில் அவருக்குத் தொற்று இருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்ததும் தானாகவே போய்ச் சோதித்தார். சுகாதார அலுவலகம் எங்கள் ஒழுங்கையில் முதலாவது நோயாளி என்று அறிவித்தது அவரைத்தான். ஆனால் சோதிக்காதவர்கள் எந்த அறிவிப்பிலும் வரமாட்டார்கள்.

ஆகவே வீடு வீடாகப் போய், யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டேன். எல்லாரும் வெறும் சளி, தடிமன் என்றார்கள். பக்கத்து வீட்டுச் சாச்சி மட்டும் சிரித்தார்.

"நெல் முதலாளிட ஊட்டில மாசிக்கறி கரிஞ்சி ஒழுங்கயே நாறிச்சி, புள்ள. போய்ப் பாத்தா, பொம்புளையள் அடுப்படியிலயே இரிந்து கதைக்கிறாளுகள். மூக்க வாடகைக்கா குடுத்தீங்க எண்டு கேட்டன்."

"எப்ப சாச்சி?"

"ராத்தா கட்டாரால வர முந்தி. அவட ஊடு பூட்டிக் கிடந்த நேரம்."

முதலாளியின் மனைவி இரண்டு முறை என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அடுத்த முறை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"ஓம், காய்ச்சல்தான். ஊட்டுக்காரர்ர உம்மாவும் படுத்த படுக்கை. சோதிச்சி, அவ மவுத்தாகினா எரிச்சிருவானுகள். நீங்களெண்டா சோதிப்பீங்களா?"

கொரோனாவில் இறந்தவர்களின் ஜனாஸாவை, முஸ்லிம்களின் உடலென்றாலும் அடக்க விடாமல், எரிக்கவே வேண்டும் என்று அரசு உத்தரவிட்டிருந்த காலம் அது. அந்த உத்தரவுக்குப் பயந்து எத்தனை வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன என்று எந்த அலுவலகமும் கேட்கவில்லை.

"இதத்தான் மாமி எழுதணும்," என்றேன். "நீங்க மறைச்ச கதைய மட்டுமில்ல, ஏன் மறைச்சீங்க எண்டதையும்."

"பேரு வராதே?"

"வராது."

"எழுதுங்க."

அது கொரோனாதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதையும் கட்டுரையில் சொன்னேன். ராத்தா வருமுன்பே ஒரு வீட்டில் காய்ச்சலும் மணம் தெரியாமையும் இருந்தன, எரிக்கும் உத்தரவுக்குப் பயந்து அங்கே யாரும் சோதிக்கவில்லை, சோதிக்க முன்வந்தவர் மேல் பழி விழுந்தது என்று எழுதினேன். வெளியான அன்று சுகாதார அலுவலகத்து அதிகாரி ஒருவர் தொலைபேசியில் வந்தார்.

"என்ன தங்கச்சி, எங்கள்ல பழியப் போட்டிரிக்கீங்க?"

"எந்த வரி பிழையெண்டு எழுதி அனுப்புங்க சேர். திருத்திறன்."

எதுவும் வரவில்லை.

அன்று பின்னேரம் ராத்தா கட்டுரையை என் கைப்பேசியில் மெதுவாக வாசித்து முடித்தார்.

"ஆர்ர பேரும் இல்லயே?"

"போடல்ல ராத்தா. உங்கடயும் இல்ல."

"என்ன ஏசக்குள்ள பேரோடதானே ஏசின."

தன் கைப்பேசியை எடுத்து, கட்டுரையை ஒழுங்கையின் வட்ஸ்அப் குழுவுக்கு அவரே அனுப்பினார். அதன் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினார்.