ஒரு வாய் கூழ் இறங்கிய ஆடி ஞாயிறு

பிள்ளைகளே, பசி இருந்தும் சோறு இறங்காத தொண்டையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். என் கூடப்பிறந்த அண்ணன் ஏகாம்பரத்தின் தொண்டை அது. நம் எல்லையம்மன் அப்போது எங்கள் வீட்டுக்குச் செய்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று வெகுநாளாக ஆசை. நாலாங் கிளாஸ் படித்தவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் தள்ளிவிட்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பாரிவாக்கத்திலிருந்து பட்டணத்துக் கொத்தவால்சாவடி மார்க்கெட்டுக்குக் காய்கறி வண்டி ஓட்டினார். பொழுது சாய வண்டி பூட்டினால் மறுநாள் மத்தியானம்தான் திரும்புவார். வந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கைகால் கழுவி, பெரிய சட்டியில் சோற்றைக் கொட்டிக் குழம்பு ஊற்றிப் பிசைவார். தன் பிள்ளை, தம்பி பிள்ளை என்ற பேதமே கிடையாது. எல்லாம் சுற்றி உட்கார்ந்து கை நீட்டும். நானும் வயதை மறந்து நீட்டுவேன். உருண்டையோடு ஒரு கேலியும் சேர்ந்து விழும்.

“இன்னாடா, கை சுண்டக்கா மாரி கீது, வவுறு மட்டும் ஏரி மாரி கீது?”

சட்டியில் மிஞ்சும் கடைசி உருண்டை பிசைந்தவருக்கு. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

வெகுதானிய வருஷம் சித்திரையில் அவர் குரல் கம்மியது. பிறகு சோறு அடைத்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைப் புற்று என்றார்கள். ரேடியம் என்று ஏதோ வைத்துச் சில வாரம் வைத்தியம் பார்த்தார்கள். ஆனி முடியும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அடைப்பு கொஞ்சம் விட்டாலும் விடும். வியாதி போகாது. வீட்டுக்கு அழைத்துப் போ” என்றார்.

அவர் வண்டி ஓட்டிப்போன பாதையிலேயே அவரை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன்.

கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். அதையும் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நான் எல்லையம்மன் சன்னதியில் விழுந்தேன். முதலில் உயிரைக் கேட்டேன். கேட்கக் கேட்க வாய் அடைத்துப்போயிற்று. கடைசியில், “தாயே, அவர் சிரித்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிடவேண்டும். அதை மட்டும் காட்டு” என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்க எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அவர் எதிரில் சாப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. அண்ணி சொன்னார் என்று எல்லோரும் வைக்கோல்போருக்குப் பின்னால் போய் ஒளிந்து சாப்பிட்டோம். அன்பினால்தான் செய்தோம். ஆனால் அவர் படுத்திருந்த இடத்தில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போயிற்று.

ஒருநாள் கருவாட்டுக் குழம்பு. போருக்குப் பின்னால் எல்லோர் வாயிலும் சோறு. தடியை ஊன்றிக்கொண்டு அண்ணன் எதிரில் வந்து நின்றார். யாருக்கும் மெல்லவும் தோன்றவில்லை, விழுங்கவும் தோன்றவில்லை.

“திருட்டுக் கயிதைங்களா! கருவாட்டு வாசனைய ஊரே மோந்துக்கினு கீது. எனுக்கு மூக்கு இல்லயா?”

அண்ணி அழுதுவிட்டார். “உனுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்யா…”

“தொண்டதான்டி போச்சு. கையி கீது இல்ல? சட்டிய இப்டித் தள்ளு.”

உட்கார்ந்தார். பிசைந்தார். மாதக்கணக்கில் கேட்காத கேலியெல்லாம் அந்தக் கம்மின குரலில் திரும்பி வந்தது. “தம்பி, நீ இன்னா பெர்ய மனுசன் மாரி ஒதுங்கி நிக்கிற? கைய நீட்டுடா.” நீட்டினேன். கண்ணீரோடு சாப்பிட்டேன்.

கடைசி உருண்டை மிஞ்சிற்று. அவர் மகள் கன்னியம்மா, ஆறு வயசு, சட்டத்தை விடுவாளா? “நைனா, இது உனுது” என்றாள். அவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் வாயிலேயே போட்டார். “ஆத்தாளுக்குக் கூயு வாக்கிற அன்னிக்கு நைனா துன்றேன், செரியா?” என்றார்.

குழந்தையைச் சமாதானப்படுத்தச் சொன்னது. அவளோ தினம் கோயிலுக்குப் போய், “நைனா சொல்லிக்கீது, நீ ரெடியா இரு” என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத்தான் பயம். அன்று இறங்காவிட்டால் அந்தப் பிஞ்சு இனி யாரை நம்பும்?

ஆடி ஞாயிறு வந்தது. எங்கள் வீட்டுக் கூழ்ப்பானையும் கோயிலுக்குப் போயிற்று. அம்மனுக்குப் படைக்குமுன் யாரும் ருசி பார்க்கக் கூடாது அல்லவா? உப்பெல்லாம் குத்துமதிப்புத்தான். படைத்து முடித்ததும் கன்னியம்மா ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் ஓடினாள். பின்னாலேயே தெருவே போயிற்று.

முதல் வாய் இருமலோடு வெளியே வந்துவிட்டது. பம்பை அடித்தவர் கூட நிறுத்திவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கன்னியம்மா மட்டும், “மெதுவா நைனா, ஆத்தா கீறா” என்றாள்.

இரண்டாம் வாய்.

கண்ணைத் திறந்தபோது அவர் தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி ஒரு வாய். அதுவும் இறங்கியது. அண்ணன் அண்ணியைத் தேடிப் பார்த்துச் சொன்னார்:

“உப்பு பத்தலடி.”

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தார். “பாருங்கம்மா இந்த அநியாயத்த! மூணு மாசம் கயிச்சு ஒரு வாய் துன்னுட்டு, ஒடனே கொற சொல்றாரு!” தெருவே சிரித்தது. பம்பை மறுபடி முழங்கிற்று. நான் விழுந்து கும்பிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

டாக்டர் வைத்தியம் வேலை செய்தது என்பீர்கள். செய்திருக்கட்டும். அந்த டாக்டர் கைக்குள்ளும் இருந்தவள் அம்மன்தானே?

அன்று முதல் தினமும் கொஞ்சம் கூழ் இறங்கியது. கடைசி உருண்டைக்குப் பதில் கடைசிக் கிண்ணம் என்று சட்டத்தைத் திருத்தினோம். பொங்கல் பார்த்தார். மாசி பிறந்தபின், ஒரு காலை வேளையில், எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கப் போய்விட்டார். தனியாகப் போகவில்லை. நான் கேட்டதற்கு மேலாகவே அம்மன் கொடுத்தாள்.

காரியத்தன்று படையலுக்குக் கூழ் காய்ச்சினார்கள். அண்ணி உப்பை எடுத்தபோது கன்னியம்மா கையைப் பிடித்தாள். “கம்மியா போடும்மா. நைனா வந்து சொல்லட்டும்.”

அதனால்தான் பிள்ளைகளே, எங்கள் வீட்டு ஆடிக்கூழில் இன்றும் உப்பு குறைவு. இப்போது சட்டியில் பிசைவதும் கன்னியம்மாதான், கேலியும் அப்பனைப்போலவே. எங்கள் வீட்டில் இப்போது யாரும் ஒளிந்து சாப்பிடுவதில்லை. உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெரிய வரம் கேட்க வாய் வராவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். அவளுக்குக் காது கேட்கும்.

வருகிற ஆடிக்குக் கிண்ணம் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முதல் வாய் குடித்ததும் “உப்பு பத்தல!” என்று உரக்கச் சொல்லவேண்டும். கன்னியம்மா அதற்காகத்தான் காத்திருப்பாள்.