கெப்புக்கு வைத்த மூக்கு

பீற்றிஸ் அக்காவுக்கு ஒரு ஒயில் சீல் விற்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பெட்டியைத் திறப்பார். ஒயிலைக் கசியவிடாமல் தடுக்கிற அந்த இறப்பர் வளையத்தை மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பார். அதன் உதட்டை நகத்தால் மடக்கிவிட்டு, எவ்வளவு விரைவாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்று பார்ப்பார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியை என் பக்கம் தள்ளிவிடுவார். அவ்வளவுதான், அது போலிச் சாமான். கொழும்பிலிருந்து அசல் என்று நம்பி நான் இறக்கியதாக இருக்கும். கோபம் வரும். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் தள்ளிய பெட்டி ஒன்றுகூட நல்லதாக இருந்ததில்லை.

எனக்கு ஊர் ஏறாவூர். வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பது மட்டக்களப்பில், வலையிறவுப் பாலத்துக்குப் போகிற வீதியில். பக்கத்து வளவில் தகரக் கொட்டகை போட்டிருப்பதுதான் வண்டி திருத்துகிற அக்காவின் கராச். பெயர்ப்பலகை இல்லை. பலகை இல்லாவிட்டால் என்ன, பாலத்துக்கு அங்காலும் இங்காலும் எல்லாரும் 'பொம்புளக் கராச்' என்றுதான் சொல்கிறார்கள். சிலர் மரியாதையாகச் சொல்வார்கள், சிலர் வாயைக் கோணிக்கொண்டு சொல்வார்கள்.

அக்கா டச்பாரில் பிறந்தவர். கடல் வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு, முகாமில் இருந்த பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் வாகனம் திருத்தும் வகுப்பு நடத்தியது. படம் எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். கூடப் படித்தவர்கள் தையல் மெசினுக்கும் கோழி வளர்ப்புக்கும் மாறினார்கள். அக்கா மட்டும் ஒரு கராச்சில் போய் வேலை கேட்டார். முதலில் கூட்டச் சொன்னார்கள், பிறகு தேத்தண்ணி வைக்கச் சொன்னார்கள். அவர் கூட்டிக்கொண்டே பார்த்தார், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பார்த்தார். இன்று அந்தக் கராச் இல்லை, அக்கா இருக்கிறார். அவருடைய கணவர் வாவியில் இறாலுக்கு வலை வீசுகிறவர். மத்தியானச் சோறு அவர்தான் சமைத்துக் கொண்டுவருவார். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தக் கதை கதிர்காமத்தம்பிப் போடியாரின் கெப்பைப் பற்றியது. போடியார் வவுணதீவுப் பக்கம் ஒரு பெரிய வட்டையில் பாதி வயலுக்குச் சொந்தக்காரர். பின்னால் மூட்டை ஏற்றத் தட்டு வைத்த அவருடைய பழைய ஜப்பான் டீசல் கெப்புக்கு என் மூத்த மகனைவிட வயது கூட. ஆனாலும் அது வருகிறபோது பார்க்க வேண்டுமே. வெள்ளை நிறம் கண்ணைக் கூசும். வட்டைக்குள் போய்வருகிற வண்டி என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டீர்கள், மட்காட்டுக்குள்கூட ஒரு பொட்டுச் சேறு இராது.

முதன்முறை அது வந்தபோது எஞ்சினும் கியர் பொக்ஸும் சேருகிற இடத்தில் ஒயில் சொட்டியது. எஞ்சினின் பின்பக்கம் ஒரு சீல், கியர் பொக்ஸின் முன்பக்கம் ஒரு சீல். எது கசிந்தாலும் சொட்டு விழுவது ஒரே இடத்தில்தான். எதை மாற்றுவதானாலும் கியர் பொக்ஸைக் கழற்றிக் கீழே இறக்க வேண்டும். ஆகவே இரண்டையும், கூடவே பொக்ஸின் வால்பக்கத்துச் சீலையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம் என்று அக்கா சொன்னார்.

கியர் பொக்ஸை இறக்குவது ஆண்களுக்கே முதுகை முறிக்கிற வேலை. ஒருவர் கீழே படுத்து நெஞ்சில் தாங்குவார், மற்றவர் கத்துவார். அக்காவுக்கு அந்தக் கூத்தெல்லாம் இல்லை. வண்டியின் இரண்டு கதவையும் திறந்து, குறுக்கே ஒரு கமுகமரத் துண்டை வைப்பார். கியர்க் கம்பைக் கழற்றிய ஓட்டை வழியாக வலைக்கயிற்றை இறக்கி, பொக்ஸைக் கட்டி, கமுகில் சுற்றிச் சுற்றி விடுவார். அது தொட்டில் இறங்குவதுபோல் சத்தமில்லாமல் இறங்கி டயரின்மேல் உட்காரும். புதிய சீலின் உதட்டில் ஒயில் தடவி, விரலால் சுற்றிவர அழுத்தி, அதற்கென்று வெட்டி வைத்திருக்கிற தண்ணீர்க்குழாய்த் துண்டை வைத்து மெல்லத் தட்டுவார். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்று இராது. நான் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்த வேலை மழைக்காலம் வருமுன்பே பழுதானது. வால்பக்கத்துச் சீல் கசிந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்த ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. சீல் உரசுகிற இடத்தில் இரும்பு துருப்பிடித்துச் சொரசொரத்திருந்தது. அக்கா அதைக் காத்தான்குடியில் கடைசல் பிடித்துக் கொண்டுவந்து, எல்லாச் சீலையும் மறுபடி மாற்றினார். சில கிழமை போனது. மறுபடியும் பால் தேத்தண்ணி.

போடியாருக்குப் பொறுமை போய்விட்டது. வவுணதீவில் நெல்லு மில்லடியில் நாலு பேருக்கு முன்னால் அவர் சொன்ன வார்த்தை, அவர் வண்டி பாலத்தைக் கடக்குமுன்பே எங்கள் வீதிக்கு வந்து சேர்ந்தது. "பொம்புளட கைக்கு இறுக்கம் காணாது."

மற்றவர் யாராவது சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். போடியார் சொன்னால் வாவியின் மேற்குக் கரை முழுக்க அதுதான் பேச்சு. அறுவடைக்கு முன்பு அந்தப் பக்கத்துக் கெப்பும் பட்டா லொறியும் உழவு இயந்திரமும் வரிசையில் வந்து நிற்கும். அக்காவின் வருடச் சோறு அந்த வரிசையில்தான் இருக்கிறது. அந்த முறை வண்டிகள் எங்கள் வாசலில் வேகம் குறைக்காமலே போயின. அக்கா நட்டும் போல்ட்டும் கிடந்த பெட்டியைக் கொட்டிப் பிரித்து அடுக்கினார். அடுக்கி முடித்து, மறுபடி அதையே கொட்டினார்.

மூன்றாம் தடவை போடியார் வண்டியைக் கொண்டுவந்து, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சீலைத் தொடவில்லை. பழுதான ஒயிலை ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்து, என் கடை மேசையில் வெயில்படுகிற பக்கமாக வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அடியில் தண்ணீர் பிரிந்து நின்றது. அக்கா மேலே இருந்ததை ஊற்றிவிட்டு, அடியில் இருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். நான் பதறிப்போய்ப் போத்தலைப் பறித்தேன்.

"உப்பு" என்றார் அக்கா.

வாய்க்கால் தண்ணீரும் மழைத் தண்ணீரும் உப்புக் கரிக்காது. அந்தப் பக்கத்தில் உப்புக் கரிப்பது கடலோடு கலக்கிற வாவி ஒன்றுதான். போடியாரை வரவழைத்து, வண்டியை வாவிக்குள் ஓட்டினீர்களா என்று கேட்டோம். களுதாவளைப் பிள்ளையார்மேல் சத்தியம் செய்தார். வாவிக்குள் வண்டி ஓட்ட அவருக்கென்ன விசரா என்று எங்களையே ஏசினார். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற முகமாகவும் இல்லை. அக்கா வேறொன்றும் கேட்காமல் புது ஒயிலை ஊற்றிவிட்டு, கியர் பொக்ஸில் என்ன சத்தம் வருகிறது என்று ஓடும்போது கேட்க வேண்டும், ஒருநாள் கூட வருகிறேன் என்றார். மில்லுக்கு ஒரு பெல்ட் கொடுக்க இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன்.

அன்று அந்தக் கெப் நெல் மூட்டையோடு வட்டைக்கும் மில்லுக்குமாக ஓடி ஓடிக் களைத்தது. காலுக்குக் கீழே தகடு கொதித்தது. கடைசிச் சுமையை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் போடியார் சொல்லாமல் கொள்ளாமல் கரைப்பக்கம் திருப்பினார். எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், சில்லு முழுக்க அமிழும் வரைக்கும் கெப்பை இறக்கி எஞ்சினை நிறுத்தினார். அடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு எழும்பியது. மனிதர் சாரனை மடித்துக் கட்டினார், தேங்காய்த் தும்பும் சவர்க்காரமும் எடுத்தார், குளிப்பாட்டத் தொடங்கினார். அதோடு கதைத்துக் கதைத்துத் தேய்த்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படித் தேய்த்திருப்பாரோ தெரியாது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாய் திறந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு தண்ணீருக்குள் இறங்கிப் போய், வேலை முடிந்த உடனேதான் எப்போதும் குளிப்பாட்டுகிறவரா என்று அவரிடம் கேட்டார்.

"வேற எப்ப, புள்ள? வட்டைக்குள்ள உழுதித்து வாற எருமையத் தண்ணிக்கு விடாமக் கட்டுவாங்களா? சூட்டோட நிக்க விட்டாப் பாவம்."

அவர் கேள்வியில் பிழையே இல்லை. வாவிக்குள் வண்டி ஓட்டவில்லை என்று சத்தியம் செய்ததும் பொய்யில்லை. குளிப்பாட்டுவது ஓட்டுவதாகுமா?

அக்கா குனிந்து, தண்ணீருக்கு அடியில் கியர் பொக்ஸ் இருக்கிற இடத்தைக் கையால் காட்டினார். "போடியார், எருமை மூக்கத் தண்ணிக்கு மேல தூக்கி வெச்சிக்கும். இதுக்கு மூக்கு வயித்துக்குக் கீழ இருக்கு."

பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். ஓடிச் சூடானால் பொக்ஸுக்குள் காற்று விரியும், திடீரென்று குளிர்ந்தால் சுருங்கும். அப்போது அது மூச்சு இழுக்கும். இழுப்பதற்கென்று பொக்ஸின் மேலே ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதுவோ பழைய சேற்றில் அடைபட்டு, இப்போது தண்ணீருக்குள்ளும் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் சீலின் உதட்டு வழியாக வாவியை இழுத்துக் குடிக்கிறது. உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்ன, அந்த இரும்பு சீலைக் கிழிக்கிறது.

போடியார் தும்பைப் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்துகொண்டே நின்றார். மில்லடியில் சொன்ன வார்த்தையைப் பற்றி அக்கா மூச்சே விடவில்லை.

அடுத்த நாள் கமுகந்துண்டும் வலைக்கயிறும் மறுபடி வந்தன. மூன்றாவது தடவையாகச் சீல்கள் மாறின. இந்த முறை அக்கா அந்த அடைபட்ட ஓட்டையைத் திறந்து, என் கடையில் ஒரு இறப்பர்க் குழாய் வாங்கி அதில் மாட்டி, ஆள் இருக்கிற பெட்டிக்குப் பின்புறமாகக் கூரைமட்டம் வரை கொண்டுபோய், நுனியைக் குடைப்பிடிபோல் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினார். மூக்கு மேலே வந்துவிட்டது. இனிமேல் கொஞ்சம் ஆறவிட்டு, சில்லு பாதிக்கு மட்டும் இறக்கிக் குளிப்பாட்டுங்கள் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

அவர் போனதும் நான் பொரிந்து தள்ளினேன். பிழை முழுக்க அவரில், கெட்ட பெயர் உங்களுக்கா? இனிமேல் வாவிப்பக்கமே போகாதே என்று சட்டம் போட்டிருக்க வேண்டாமா? உங்களைச் சொன்னதற்கு ஒரு மன்னிப்பாவது கேட்க வைத்திருக்க வேண்டாமா?

அக்கா சாமான்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எத்தின வண்டி எனக்கிட்ட வருகுது, தம்பி. ஓடுற மட்டும் அடிப்பாங்க, நிண்டா உதைப்பாங்க. இவர் ஒருத்தர்தான் குளிப்பாட்டுறார். அவருட்டப் போய்க் குளிப்பாட்டாதீங்க எண்டு எந்த வாயால சொல்லுற?"

ஆனால் வாசலில் வண்டி நிற்கவில்லை என்பது உண்மை. அடுத்த போகத்து வயல்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அக்காவின் கணவர் கொண்டுவருகிற சோற்றில் இறால் குறைந்து கீரை கூடியது. அக்கா அந்த நட்டுப் பெட்டியை மறுபடியும் கொட்டினார். பாலத்துப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கை நின்றுவிடும்.

மில்லில் பெல்ட் மறுபடி அறுந்ததாக அழைத்தார்கள். போனேன். நெல் கொண்டுவந்தவர்கள் நிழலில் கூடி நின்றார்கள். ஒரு பட்டா லொறிக்காரர் தன் வண்டியிலும் ஒயில் சொட்டுகிறது, எங்கே கொண்டுபோகலாம் என்று கேட்டார். பாலத்தடியில் இருக்கிறதே என்று ஒருவர் தொடங்க, இன்னொருவர் சிரித்தார். பொம்புளக் கராச்சுக்கா, கை இறுக்கம் காணாதே என்றார். கூட்டமே சிரித்தது. போடியாரும் அங்கேதான் மூட்டையில் சாய்ந்து நின்றார். அவரும் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன்.

அவர் எழும்பி நடுவுக்கு வந்தார்.

"ரெண்டு தரம் சீல் போனது என்ட கையால. சுடச்சுட வாவிக்குள்ள முக்கிவெச்சது நான். இப்ப போகாம நிக்கிறது அந்தப் புள்ளட கையால. இந்த இடத்தில வெச்சித்தான் நான் பிழையாக் கதைச்சன், அதான் இந்த இடத்திலயே சொல்லுறன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. போடியார், அதுவும் நரைத்த மீசையோடு, பத்துப்பேர் மத்தியில் தன் பிழையைச் சொல்வது அங்கே யாரும் பார்த்த காரியமில்லை. பட்டாக்காரர் நாளைக்கே தன் வண்டியைப் பாலத்தடிக்குக் கொண்டுபோவதாகவும், முதலில் அந்த மூக்கைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லாரும் கெப்பின் பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தார்கள். நான் பெல்ட்டைக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தவன், பாலத்தில்கூட வேகம் குறைக்கவில்லை.

அக்கா கொட்டகையில் தனியாக இருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் என்னை நம்பாதவர்போல் பார்த்தார்.

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"ஓம் அக்கா. எல்லாருக்கும் முன்னால."

முகாமில் வீடில்லாமல் இருந்தபோதும், கராச்சில் கூட்டச் சொன்னபோதும் அழாத மனுசி என்று அவர் கணவர் சொல்லுவார். அன்று அழுதார். ஒயில் கையாலேயே கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு. நான் அதைப் பாராததுபோல், பட்டா நாளைக்கு வருகிறது, கசிவு எஞ்சினும் கியர் பொக்ஸும் சேருகிற இடத்திலாம் என்று வேலைக் கதை பேசினேன்.

அக்கா எழும்பி, கொட்டிக் கிடந்த நட்டுகளைக் கையால் கூட்டி அள்ளி, பிரிக்காமல் அப்படியே பெட்டிக்குள் போட்டார். பிறகு கமுகந்துண்டைக் கொண்டுபோய் வாசலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.