கடைசி பெஞ்சுக்கு வந்த சமாதானம்

என் மனைவியின் அடக்கத்துக்கு அண்ணன் வரவில்லை. கோவில்பட்டியில் நாலு தெரு தள்ளித்தான் அவர் வீடு. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம், தனியாகச் சோறு வடிக்கும்போதெல்லாம் அவரைத் திட்டினேன். திட்டி முடித்தால் கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும். போன்கூட இல்லாத வீட்டில் நான் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்?

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில், அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது வழக்கம். போதகர் ஐயர் முதல் வரிசைக்காரரின் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, அப்படியே கைமாறிப் பின்னால் வரும். கடைசி பெஞ்சில் நான் மட்டும் உட்காருவேன். என்னோடு அது நின்றுவிடும். யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் வசதி.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு அண்ணன் பிந்தி வந்தார். சைக்கிள் சக்கரத்தில் அப்பிய கரிசல் மண்ணைக் கையாலேயே தோண்டியிருக்கிறார். அந்தக் கோலத்தில் தன் வழக்கமான முன்வரிசைக்குப் போகக் கூசி, என் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்து போய்விடலாமா என்று நான் யோசிப்பதற்குள் சமாதானம் என் கைக்கு வந்துவிட்டது.

‘ஆண்டவரே, எங்கிட்ட குடுக்க ஒண்ணுமில்ல. நீரே குடும்’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன்.

"தப்புதாம்டே" என்றார் அண்ணன். பிடித்த கையை விடவில்லை. அவளை அடக்கம் செய்த பிறகு என் கையை இவ்வளவு நேரம் யாரும் பிடித்ததில்லை.

கோபம் அன்றைக்கே தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறு நல்ல வெயில். அண்ணன் முன்வரிசைக்குத்தான் போவார் என்று தெரிந்தும், ஓராளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.