லண்டன் என்று எழுதிய புதுக்கடைப் பூட்டு

சர்க்கார் ஸ்டோர் குமாஸ்தா என்பவர் பொருள் வாங்குவதற்கு முன்பே திட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டியவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சுதந்திரம் வந்து இரண்டொரு வருஷத்தில் எங்கள் நாகர்கோவில் ஆபீசுக்கு ஓர் உத்தரவு வந்தது. நம் நாட்டில் செய்த சரக்கு கிடைக்கும்போது அந்நியச் சரக்கை வாங்கக் கூடாது.

பென்சில்

முதலில் அகப்பட்டது பென்சில். சீமைப் பென்சிலை நிறுத்திவிட்டு நாட்டுப் பென்சில் ஒரு பெட்டி வாங்கினேன். சீவச் சீவ முனை உதிர்ந்தது. ஹெட்கிளார்க் பிள்ளை மத்தியானத்துக்குள் ஒரு பென்சிலைச் சீவியே தீர்த்துவிட்டு, மிச்சத் துண்டை என் மேசையில் கொண்டு வைத்தார். "சுதந்திரம் வந்தது சந்தோஷந்தான் வே, பென்சிலுக்கு முனையும் வரட்டும்."

பூட்டு

அடுத்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்குப் பித்தளைப் பூட்டு வேண்டியிருந்தது. புதுக்கடை என்ற ஊரில் தேவசகாயம் என்பவர் கொட்டகை போட்டு, நாலு ஆட்களை வைத்துப் பூட்டு செய்வதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். என் கண்முன்னாலேயே ஒரு பூட்டுக்கு அரம் போட்டுச் சாவியைத் திருப்பிக் காட்டினார். இந்த ஆர்டர் கிடைத்தால் நாலு பேருக்கும் ஒரு வருஷம் வேலை உண்டு என்றார். எனக்கே பெருமையாக இருந்தது. மாதிரி அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாதிரி வந்தது. எங்கள் ஆபீஸ் அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் இங்கிலீஷில் 'லண்டன்' என்று அழகாக வெட்டியிருந்தது. சீமைப் பெயர் இல்லாத பூட்டை வடசேரிக் கடைக்காரர்கள் கையால் தொடமாட்டார்கள். அதனால் எல்லாப் பூட்டிலும் அப்படி வெட்டுவது தேவசகாயத்தின் வழக்கம். பழக்கதோஷத்தில் எங்களுக்கு அனுப்பியதிலும் வெட்டிவிட்டார். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்நியச் சரக்கக் கொண்டு வச்சிட்டு நாட்டுச் சரக்குன்னு சொல்லுகீரா?"

சொல்லாத வார்த்தை

'செய்ததை நானே பார்த்தேன் ஐயா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீர் எதற்கு அங்கே போனீர், அவனிடம் எவ்வளவு லஞ்சம் வாங்கினீர் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஆர்டர் ஒரு வெளியூர் வியாபாரிக்குப் போயிற்று. அவருடைய பூட்டில் 'இந்தியா' என்று காகிதம் ஒட்டியிருந்தது. முதல் மழையில் அது உரிந்தபோது அடியில் வேறொரு தேசத்தின் பெயர் இருந்தது.

தேவசகாயம் மாதிரியைத் திருப்பி வாங்க வந்தார். மூன்று ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை; திட்டவில்லை. பூட்டைத் துண்டில் முடிந்துகொண்டே கேட்டார். "எழுத்து வெட்டினது எனக்க பிழையாக்கும். ஆனா நீங்க கண்ணால கண்டவருல்லா சாரே, ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

நாட்டுச் சரக்கை ஆதரிக்கச் சொல்லி வந்த உத்தரவுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் ஃபைலில் கோத்து வைத்தவன் நான். ஆதரிக்க வேண்டிய ஆளுக்காக வாய் திறக்கத்தான் எனக்கு உத்தரவு வரவில்லை.