இங்கிலாந்தில் துணி காயப்போட்டவர்கள்

மகள் ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசித்தாள். ‘ஆன் டென்டர்ஹூக்ஸ்’ என்றால் தவிப்போடு காத்திருப்பது. அந்தக் காலத்து இங்கிலாந்தில், ஈரக் கம்பளித் துணியை இழுத்து மாட்டிக் காயவைத்த கொக்கிகளிலிருந்து வந்ததாம்.

சட்டென்று எனக்குப் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஆஸ்பத்திரிகளுக்காக நாங்கள் வெளுத்த பேண்டேஜ் துணி நீளநீளமாகக் கயிற்றில் காயும். மழையில் செம்மண் தெறித்துவிட்டால் அத்தனையும் வீண். மலைமேல் மேகம் கூடினாலே அம்மாவுக்குச் சோறு இறங்காது.

“ஏட்டி, மேகம் ஏறுது, ஓடியா!”

தெருவே ஓடிவரும். டீக்கடை பாய்கூடக் கொதிக்கிற பாலை விட்டுவிட்டு வந்து துணியை உருவுவார். கடைசித் துணியும் வீட்டுக்குள் சேர்ந்ததும் வெயில் சுள்ளென்று அடிக்கும். குவியல்மேல் விழுந்து சிரிசிரியென்று சிரிப்போம். பிறகு எல்லாவற்றையும் மறுபடி காயப்போடுவோம்.

பள்ளியில் அந்தத் தொடரை வெறுமனே மனப்பாடம் செய்தவள் நான். உடனே அம்மாவுக்கு போன் போட்டு, கொக்கிக் கதையைச் சொன்னேன்.

அம்மா கேட்டாள்: “அங்க எந்நேரமும் மழையாமே? பாவம், அவிய எப்பத்தான்டி காய வச்சாக?”