பழைய கருவியில் இருபது தடவை

லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு வார விடுமுறை என்பது ஏட்டுச் சுரைக்காய். அட்டவணையில் இருக்கும், அனுபவிக்கக் கிடைக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பது மணிக்குள் மூன்று குடியிருப்புகளிலிருந்து போன் வந்துவிட்டது. ஒன்றுக்குப் பதில் சொன்னார், ஒன்றை அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டார், ஒன்றை எடுக்கவே இல்லை. பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் மடிக்கணினியையும் கையடக்க கேம் கருவிகள் இரண்டையும் வைத்தார். ஒன்று புதியது, மற்றது அரதப்பழசு.

வயது நாற்பத்தொன்பது. அதில் இருபத்தாறு வருடம் லிஃப்ட்டோடு போயிற்று. ஊரெல்லாம் படியேறாமல் இருக்கத்தான் லிஃப்ட். அது நின்றுபோனால் சரிசெய்ய வருகிறவர் மட்டும் படியேறித்தான் மேலே போகவேண்டும். முதல் பத்து வருடம் இதைச் சொல்லி அவரே சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் முழங்கால் பேச ஆரம்பித்தது, இவர் நிறுத்திக்கொண்டார்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழுது பார்த்த லிஃப்ட்டில் தானே ஏறி, கீழ்த்தளம் வரை ஒரு நடை போகாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போடமாட்டார். அவசரப்படுத்துகிறவர்களிடம், "என் கையெழுத்த நம்பித்தான் நாளைக்கு நீங்க ஏறப்போறீங்க" என்பார். அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை.

அப்படிப்பட்டவர் மூன்று வருடமாக ஒரு கேம் எழுதிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் வந்து, கடைகளிலிருந்து எப்போதோ மறைந்துபோன ஒரு கையடக்கக் கருவிக்கான கேம். அதற்கு இன்னும் சொந்தமாகக் கேம் எழுதுகிற பைத்தியங்கள் உலகில் அங்கங்கே இருக்கிறார்கள். இவர் அதில் ஒருவர். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கிடைக்கிற அரைமணி நேரத்தில் எழுதியது. எட்டு மாடி, ஒரே லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நேரமானால் தலைக்குமேல் புகை வரும். நாளெல்லாம் லிஃப்ட் பார்த்தவர் வீட்டுக்கு வந்தும் லிஃப்ட்டைத்தான் எழுதியிருக்கிறார் என்று மனைவி சிரித்தாள். "பேயை விட்டு வந்தாலும் பேய் விடாதுங்க" என்றாள்.

இவரைப்போல் நான்கு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கேம், நான்கையும் சேர்த்து ஒரே கேசட், மொத்தம் நூறு பிரதிகள். நாளைக் காலை பிரதியெடுக்கும் இடத்துக்குப் போகிறது. அந்த நூறிலும் ஏறியபின் ஒரு புள்ளியைக்கூட மாற்றமுடியாது. தொகுத்தவர் ஒரு மருந்துக்கடைக்கார அம்மா. காலாவதித் தேதி பார்க்காமல் எதையும் கையால் தொடாதவர் என்பதால் குழுவில் அவருக்குக் கறார் என்று பெயர். அவர் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். அதில் இரண்டே கேள்விகள். எந்தக் கருவியில் சோதித்தீர்கள்? முழுதாக அணைத்து, மறுபடி போட்டு, எத்தனை தடவை பார்த்தீர்கள்? இருபது தடவைக்குக் குறைந்தால் செல்லாது. மாலை ஆறு மணிக்குள் வரவேண்டும், வராத கேம் சேராது.

கேள்வி சின்னதுதான், பதிலில்தான் சிக்கல். மடிக்கணினியில் இருப்பது கருவியைப்போல் நடிக்கிற ஒரு நிரல். எழுதும்போது உதவும், சாட்சிக்கு ஆகாது. புதிய கருவி பழையதைப் பார்த்துச் செய்த நகல். திரை பளிச்சென்று எரியும், மெமரி கார்டைச் சொருகினால் பட்டியல் வரும், பிடித்ததைத் தொட்டால் ஓடும். பழையது மனைவியுடையது. முதல் வேலைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய்வந்த காலத்தில் அவள் விளையாடியது. திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதோ தெரியும். பேட்டரி மூடி எங்கோ தொலைந்துபோய், அதன் இடத்தில் ஓர் அட்டைத் துண்டும் ரப்பர் பேண்டும். கேமில் ஒரு வரி மாற்றினாலும் சோதனைக் கேசட்டை உருவி, தனியாக ஒரு சின்னப் பெட்டியில் சொருகி, மூன்று நிமிடம் காத்திருந்து எழுதி, திரும்பச் சொருகவேண்டும்.

அவர் புதியதைக் கையில் எடுத்தார். கண்ணுக்கு ஓய்வு வேண்டியிருந்தது, காரணம் அவ்வளவுதான். நாற்பது நிமிடத்தில் இருபது தடவை போட்டு அணைத்துவிட்டார். இருபதும் சுத்தம். படிவத்தைத் திறந்தார்.

எதிரில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் இருப்பவள். "வலிக்கலை" என்று சொல்லிக்கொண்டு வருகிற முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள்.

"முடிஞ்சுதா?"

"இருபதும் ஓகே."

"என்னோடதுல?"

"அது எதுக்கு? ஒண்ணும் தெரிய மாட்டேங்குது அதுல."

"ஓ. இனிமே லிஃப்ட்டையும் போட்டோவுல பாத்துக் கையெழுத்துப் போட்டுடுவீங்களா?"

அவர் பழையதை எடுத்துக்கொண்டார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பழையதில் முதல் மூன்று தடவை ஒழுங்காக வந்தது. நான்காவது தடவை மாடிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், லிஃப்ட்டைக் காணோம். பொத்தானை அழுத்தினால் சத்தம் மட்டும் வந்தது. எட்டு மாடிக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்கள், தலைக்குமேல் புகை கிளம்பியது. வேலைநாளில் பார்க்கிற அதே முகங்கள்.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாற்றினார். ஏழாவது தடவை திரும்பவும் அதேபோல். கேசட் சரியாக உட்காரவில்லை என்று உருவி, வாயால் ஊதிச் சொருகினார்.

"ஊதினா சரியாகாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?" என்றாள்.

"சொல்லுவேன். இருந்தாலும் ஊதுவேன்."

பதின்மூன்றாவது தடவையும் லிஃப்ட்டைக் காணோம்.

மணி ஒன்றரை. அவருக்கு அப்படியே தரையில் படுத்துக்கொள்ளலாம்போல் இருந்தது. புதியது என்றே எழுதிவிட்டால் என்ன? பொய் இல்லையே, அதில் இருபது தடவை பார்த்தது நிஜம்தானே. கறாருக்குப் போன் போட்டார்.

"மேடம், இந்த நூறு பேர்ல எத்தனை பேர்கிட்ட பழைய கருவி இருக்கும்?"

"ஏன் லிஃப்டண்ணே, உங்களுது அதுல நிக்குதா?"

"சில தடவ."

"கேசட் வாங்கினவங்க அவங்கவங்க வீட்ல எது இருக்கோ அதுலதான் சொருகுவாங்க. மாத்திரை குடுக்கும்போது, இந்த வயித்துல மட்டும்தான் கரையும்னு சொல்லியா குடுக்கறேன்?"

"இல்ல..."

"எதுல பாக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கண்ணே. எதுல பாத்தீங்களோ அத அப்படியே எழுதுங்க. எழுதினது கேசட்டோட எல்லாருக்கும் போகும். ஆறு மணி." கடையில் யாரோ காத்திருந்தார்கள்போல, வைத்துவிட்டார்.

அவர் கேமின் வரிகளை மேலிருந்து கீழ்வரை படித்தார். கீழிருந்து மேல்வரை படித்தார். மூன்று வருடமாகப் பார்த்த வரிகள், கண் அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மனைவி மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, பழைய கருவியை எடுத்துத் தானே ஒருதடவை போட்டாள், அணைத்தாள், போட்டாள்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்குக் கரண்டு வந்ததும் லிஃப்ட் ஏன் நாம கேட்ட மாடிக்கு வராம கீழ போகுதுன்னு மேல் வீட்டம்மா கேட்டாங்களே. என்ன சொன்னீங்க?"

"கரண்டு போனா எந்த மாடியில நிக்கறோம்னு லிஃப்ட்டுக்கு மறந்துபோகும். அடிமட்டத்துக்குப் போய்த்தான் திரும்ப எண்ணிக்கிட்டு வரும்."

"அரைமணி நேரம் பாடம் எடுத்தீங்க. அவங்க தப்பிச்சாப் போதும்னு படியில ஏறியே போயிட்டாங்க. இந்த லிஃப்ட் கீழ போகுதா?"

அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார், சத்தம் வரும்படியாக.

போகவில்லை. லிஃப்ட் எந்த மாடியில் தொடங்கவேண்டும் என்று மூன்று வருடத்தில் அவர் எங்கேயும் எழுதவே இல்லை. நகல் கருவியும் மடிக்கணினியும் மரியாதைக்காரர்கள். கேமைத் தொடங்குமுன் நினைவகத்தைத் துடைத்துப் பூச்சியமாக்கி வைப்பார்கள். பூச்சியம் என்றால் தரைத்தளம், எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பழையதற்கு அந்த நாசூக்கு இல்லை. போட்டதும் நினைவகத்தில் கிடக்கிற குப்பையை அப்படியே கொடுக்கும். சில தடவை பூச்சியம் கிடைக்கும், சில தடவை இருநூற்றுப் பத்து. எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இருநூற்றுப் பத்தாவது மாடியில் போய் நின்றால் திரையில் எப்படித் தெரியும்?

"சமையல்காரன் வீட்டுல அடுப்பெரியாதுன்னு சொல்லுவாங்க" என்றாள். சிரிக்கவில்லை, தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஒரே வரிதான். கண்விழித்ததும் கீழ்த்தளத்துக்குப் போ என்று லிஃப்ட்டுக்குச் சொல்கிற வரி. எழுதினார், திருத்திய கேமைக் கறாருக்கு அனுப்பினார், சோதனைக் கேசட்டிலும் ஏற்றினார். பழைய கணக்கு செல்லாது, ஒன்றிலிருந்து திரும்ப எண்ணவேண்டும். போட்டு, லிஃப்ட் கீழே வந்து நிற்பதைப் பார்த்து, கொஞ்சம் ஓட்டிவிட்டு, அணைத்து, நினைவகத்தில் மிச்சம் மீதி வடிவதற்குச் சில நிமிடம் விட்டு, மறுபடி. வெயில் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. கண் எரிந்தது. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார், அவள் எழுப்பினாள்.

பதினேழு முடிந்தபோது போன். காலையில் அவர் எடுக்காமல் விட்ட குடியிருப்பின் செயலாளர்.

"கரண்டு போயிட்டு வந்ததுலேர்ந்து அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நிக்குது சார். உள்ள ரெண்டு பேரு. உங்க ஆபீஸ்ல யாரும் எடுக்கல."

மணி நான்கு ஐம்பது. எழுந்துகொண்டே சட்டையை மாட்டினார்.

"மூணுதானே பாக்கி? போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"விளையாடிட்டே உக்காந்துடாத. போடணும், கீழ வருதான்னு பாக்கணும், அணைச்சு வைக்கணும்."

"என் பெட்டிக்கு எனக்கே பாடமா?"

ஒன்பது மாடியும் படி. இயந்திர அறையில் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை ஐந்தாவது தளத்துக்கு இறக்கி, உள்ளே இருந்த இரண்டு பேரையும் வெளியே விட்டபோது மணி ஐந்து இருபது. அவர்கள் நன்றி சொல்லவில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். திரும்ப மேலே ஏறினார். எரிந்துபோன ரிலே சுவிட்ச் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தபோது மனைவியின் செய்தி வந்தது: "பதினெட்டு. கீழ." கொஞ்சம் கழித்து: "பத்தொம்பது. கீழ."

செயலாளர் மூச்சிரைக்கப் பதிவேட்டோடு மேலே வந்தார். "லைட் எரியுதே சார், சரியாயிடுச்சுதானே. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க, உங்களுக்கும் லேட்டாகுது."

ஐந்து நாற்பத்தெட்டு. லிஃப்ட்டுக்குள் போன் எடுக்காது. கரண்டு போய்வந்த லிஃப்ட் தன் மாடியைத் தேடிக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். படிவத்தை இங்கேயே நின்று இருபது என்று எழுதி அனுப்பிவிடலாம். பத்தொன்பது தடவை கீழே வந்தது இருபதாவது தடவை வராதா?

"ஏறிப் பாத்துட்டுப் போடறேன்" என்றார்.

ஐந்தாவது தளத்துக்கு இறங்கி உள்ளே போனதும் கதவு மூடியது. லிஃப்ட் எந்தப் பொத்தானையும் கேட்காமல் கீழே கிளம்பியது. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு மாடியும் ஒரு சின்ன குலுக்கலாக முழங்காலில் தெரிந்தது. இங்கே போன் செத்துக் கிடந்தது. அங்கே அவள் இருபதாவது தடவை போட்டுவிட்டாளா, லிஃப்ட் வந்ததா, இருநூற்றுப் பத்தில் நிற்கிறதா, தெரியாது. மூன்று வருடம் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

தரைத்தளம். கதவு திறந்ததும் பையில் போன் துடித்தது.

"இருபது. கீழதான். ரப்பர் பேண்டு அறுந்துபோச்சு, மூடிய விரலால அமுக்கிட்டுப் பாத்தேன்."

படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். விரலில் கிரீஸ், திரை சரியாக எடுக்கவில்லை, சட்டையில் துடைத்துக்கொண்டார். எந்தக் கருவி என்ற இடத்தில், "பழையது. பேட்டரி மூடி இல்லை" என்று எழுதினார். எத்தனை தடவை என்ற இடத்தில் இருபது என்றும், அதன் பக்கத்தில், "கடைசி மூன்றும் மனைவி" என்றும் எழுதினார். ஐந்து ஐம்பத்தாறுக்கு அனுப்பினார்.

கறாரிடமிருந்து உடனே பதில் வந்தது. "வந்துச்சு. சேத்தாச்சு."

செயலாளர் படியிறங்கி வந்து பதிவேட்டை நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.